சீனிவாச சாஸ்திரி நமக்கு என்ன செஞ்சாரு? 1927ல தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியா அனுப்புன மொத ஏஜென்ட் பத்தி பேசலாம் வாங்க

டர்பன் வேலு:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இத எழுதணும்னு மனசுல கெடந்துச்சு. நம்ம பசங்ககிட்ட இந்தியாவுலேர்ந்து இங்க வந்து நமக்காகப் பேசுனவரு யாருன்னு கேட்டா காந்தி பேரோட நிப்பாட்டிக்கிறாங்க. டர்பன்ல இருக்கிற சாஸ்திரி காலேஜ் வாசல்லயே நின்னுக்கிட்டு யாருப்பா இந்த சாஸ்திரின்னு கேட்டா லால் பகதூர் சாஸ்திரின்னு பதில் வருது. லால் பகதூர் பிரதமர் ஆனதே 1964ல, காலேஜ் தொறந்தது 1929ல. இது வேற ஆளு. தஞ்சாவூர் ஜில்லா வலங்கைமான்ல 1869ல பொறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. தமிழ்க்காரர். இந்தியா பேர்ல இந்த நாட்டுல வந்து ஆபீஸ் போட்ட மொத ஏஜென்ட் அவருதான்.

ஏஜென்ட்னா என்னன்னு கேக்கலாம். அப்ப இந்தியாவே பிரிட்டிஷ்காரன் கையில, அதனால தூதர்னு சொல்ல முடியாது, ஆனா செஞ்சது பூராவும் தூதர் வேலதான். ஒரு டொமினியன்ல, அதாவது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள்ள தன்னாட்சி இருக்கிற நாட்டுல, இந்திய அரசாங்கம் தன் ஆளக் கொண்டாந்து உக்கார வச்சது அதுதான் மொத தடவ. 1927 ஜூன்ல வந்தாரு, 1929 ஜனவரில கெளம்பிட்டாரு. ஒண்ணரை வருஷம் போலதான் இருந்தாரு, ஆனா அந்த காலத்துக்குள்ள அவரு செஞ்சது நம்ம மூணு தலைமுறைக்கு வந்திருக்கு.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னா எங்க பாட்டன் (தாத்தாவோட அப்பா) பீச் பக்கம் ஒரு ஹோட்டல்ல வெயிட்டர். வெள்ள கோட்டு, இடுப்புல செவப்பு பட்டை போட்டு அவரு நிக்கிற போட்டோ எங்க வீட்டு ஹால்ல இன்னிக்கும் தொங்குது. 1920கள் கடைசில ஒரு மதுபானச் சட்ட மசோதா வந்துச்சு, அதுல 104வது பிரிவுன்னு ஒண்ணு, சாராயம் விக்கிற எடத்துல இந்தியன வேலைக்கு வச்சுக்கக் கூடாதுன்னு. ஹோட்டல், பார், கிளப்பு எல்லாத்துலயும் நம்ம ஆளுங்கதான் வெயிட்டரு, ஆயிரக்கணக்கான குடும்பம் ஒரே நாள்ல தெருவுக்கு வந்திருக்கும். அந்தப் பிரிவ எடுக்க வச்சதுல சாஸ்திரிக்குப் பெரிய பங்கு. மந்திரிமாருங்களப் பாத்துப் பாத்துப் பேசி எடுக்க வச்சாரு. எங்க பாட்டன் வேலையில நீடிச்சாரு, எங்க தாத்தா ஸ்கூலுக்குப் போனாரு. அதனால எனக்கு இது ஏதோ பழைய சரித்திரம்னு தோணல.

உங்க வீட்டுல யாராவது இவரப் பத்தி பேசிக் கேட்டிருக்கீங்களா? எழுதுங்க.

கும்பகோணம் காயத்ரி:
வேலு அண்ணா, நான் இப்ப ஜோபர்க்ல (ஜோகன்னஸ்பர்க்) ஐடி வேல, பொறந்தது கும்பகோணம். வலங்கைமான் எங்க ஊர்லேர்ந்து கிட்டக்கதான், பாடைக்காவடி எடுக்கிற மாரியம்மன் கோயில் இருக்கே அதே ஊரு. அந்த ஊருக்காரர் ஒருத்தர் பேர்ல டர்பன்ல காலேஜ் இருக்குன்னு இங்க வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது, ரொம்ப பெருமையா இருந்துச்சு.

அவரப் பத்தி ஊர்ல சொல்றது எல்லாம் இங்கிலீஷ் பத்திதான். ரொம்ப ஏழ்மையான புரோகிதர் வீட்டுப் பிள்ளை. கும்பகோணம் காலேஜ்ல படிச்சுட்டு வாத்தியாரா போனவரு, மாயவரம், சேலம், அப்புறம் மெட்ராஸ்ல திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர். அரசியல்வாதி ஆகுறதுக்கு முன்னாடி பல வருஷம் கரும்பலகை முன்னாடி நின்ன ஆளு. திருவல்லிக்கேணில ட்ரிப்ளிகேன் அர்பன் கோஆப்பரேட்டிவ் சொசைட்டின்னு 1904ல ஆரம்பிச்சாங்களே, ரொம்ப காலம் மெட்ராஸ்காரங்க அரிசி பருப்பு வாங்குன கடை, அத ஆரம்பிச்சவங்கள்ல இவரு முக்கியமானவரு. அப்புறம் 1907ல வேலைய விட்டுட்டு கோகலே ஆரம்பிச்ச இந்திய ஊழியர் சங்கத்துல சேந்துட்டாரு. அதுல சேந்தா சம்பாத்தியம் கெடையாது, குடும்பம் நடத்த கொஞ்சம் அலவன்ஸ் மட்டும். 1915ல கோகலே போனதும் இவருதான் அதுக்குத் தலைவர்.

டர்பன் வேலு:
தங்கச்சி நல்லா சொன்னீங்க. கோகலே பேரு வந்ததால ஒண்ணு சேக்குறேன். காந்திக்கும் கோகலேதான் குரு, சாஸ்திரிக்கும் அவருதான். ரெண்டு பேருக்கும் அரசியல் ஒத்தே வரல, ஒத்துழையாமை இயக்கத்த சாஸ்திரி வெளிப்படையா எதுத்தாரு, ஆனா கடைசி வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் அண்ணன் தம்பின்னுதான் லெட்டர் எழுதிக்கிட்டாங்க. தென்னாப்பிரிக்காவுக்கு ஏஜென்ட் அனுப்பணும்னு பேச்சு வந்தப்போ சாஸ்திரிதான் போகணும்னு காந்தியே நின்னாரு. இந்த நாட்ட 21 வருஷம் பாத்த மனுஷன் சும்மா சொல்லியிருக்க மாட்டாரு.

இங்க வர்றதுக்கு முன்னாடியே உலகம் சுத்துனவரு. 1921ல லண்டன்ல இம்பீரியல் கான்பரன்ஸ், அதே வருஷம் ஜெனீவால லீக் ஆஃப் நேஷன்ஸ், அப்புறம் வாஷிங்டன்ல கப்பற்படை குறைப்பு மாநாடு, 1922ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா. எங்க போனாலும் ஒரே கேள்விதான், எங்க ஜனங்களும் இந்த சாம்ராஜ்யத்து பிரஜைதானே, அப்ப ஏன் ஓட்டு இல்ல, ஏன் சம உரிமை இல்லன்னு. 1921ல லண்டன்ல அந்தத் தீர்மானத்த எல்லா டொமினியனும் ஒத்துக்கிச்சு, ஒத்துக்காதது நம்ம நாட்டுப் பிரதமர் ஸ்மட்ஸ் மட்டும். ஆஸ்திரேலியா 1925ல அங்க இருக்கிற இந்தியர்களுக்கு ஓட்டு குடுத்துச்சு.

லெனேசியா மாமா:
வேலு தம்பி, எழுதுறது நல்லா இருக்கு, ஆனா பாதிக் கதைதான் வருது. மீதிய நான் சொல்றேன்.

சாஸ்திரி கையில புடிச்சுக்கிட்டு வந்தது 1927 கேப் டவுன் ஒப்பந்தம். அது எப்படி வந்துச்சு? 1925ல இங்க உள்நாட்டு மந்திரியா இருந்த மாலன் ஒரு மசோதா கொண்டாந்தான், இந்தியனுக்குத் தனி ஏரியா, அங்கதான் கடை, அங்கதான் வீடுன்னு. நம்ம ஜனங்க கொதிச்சாங்க, இந்தியாவுலயும் சத்தம், அப்புறம் 1926 டிசம்பர்ல கேப் டவுன்ல ரெண்டு அரசாங்கமும் உக்காந்து பேசுச்சு. ஹபிபுல்லா தலைமையில வந்த இந்தியக் குழுவுல சாஸ்திரியும் ஒருத்தர். மசோதாவ வாபஸ் வாங்குனாங்க, சரி. பதிலுக்கு என்ன குடுத்தோம்? நாட்ட விட்டுப் போறவனுக்கு ஆளுக்கு 20 பவுண்டு, சின்னப் பிள்ளைக்கு 10 பவுண்டு, கப்பல் சார்ஜ் இனாம். மூணு வருஷத்துக்குள்ள திரும்பி வரலன்னா இந்த நாட்டுல இருக்கிற உரிமை போச்சு. திரும்பி வந்தாலும் வாங்குன காச வச்சுட்டு வரணும். இதுக்குப் பேரு உதவியோட குடிபெயர்றதாம். இந்தியா இதுக்கு ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டுச்சு.

எங்க டிரான்ஸ்வால் மாகாணத்துக்காரங்களுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. 1885 சட்டம் அப்படியே, தங்கச் சட்டம் அப்படியே, நிலம் வாங்க முடியாது, லைசென்ஸ் பிரச்சனை அப்படியே. அதனாலதான் டிரான்ஸ்வால் பிரிட்டிஷ் இந்தியன் அசோசியேஷன் இங்க இருந்த தென்னாப்பிரிக்க இந்தியன் காங்கிரஸ விட்டு வெளிய போச்சு. 1932ல எங்க நில உரிமைய இன்னும் இறுக்குற ஆசியாட்டிக் லேண்ட் டென்யூர் ஆக்டும் வந்துச்சு. ஒப்பந்தம் போட்டு அஞ்சு வருஷம் கூட அவன் சும்மா இருக்கல.

டோங்காட் சரோ:
மாமா சொன்ன அந்த 20 பவுண்டு எங்க வீட்டுக் கதை.

எங்க ஆயாவோட அண்ணன் குடும்பம் அப்படித்தான் போச்சு. கரும்புத் தோட்டத்துல வேல, ஆறு பேரு வீட்டுல, ஆள் சேக்குறவங்க தொழிலாளிங்க குடியிருந்த பாரக்ஸுக்கு வந்து சொந்த ஊருக்குப் போகலாம் காசும் தரோம்னு சொன்னா யாரு வேணாம்னு சொல்லுவா. நெலம் வாங்கலாம், மாடு வாங்கலாம்னு போனாங்க. ஆயா சொல்லுவாங்க, அந்தப் பிள்ளைங்க எல்லாம் இங்க பொறந்தது, ஜூலுவும் கிச்சன் இங்கிலீஷும் நம்ம தமிழும் கலந்து பேசுங்க, ஷூ போட்டுப் பழகுனதுங்க. வடாற்காடு பக்கம் ஒரு கிராமம். அங்க போனா கடல் தாண்டி வந்தவங்கன்னு சேத்துக்கல, எந்தச் சாதில கட்டிக்கிட்டு வந்தீங்கன்னு கேட்டிருக்காங்க, ஏன்னா இங்க யாரு அத பாத்துக் கட்டுனா. காசு கரைஞ்சு போச்சு. ரெண்டு லெட்டர் வந்துச்சு, ரெண்டாவது லெட்டர்ல எப்படியாவது எங்கள திரும்பி எடுத்துக்கச் சொல்லுங்கன்னு எழுதியிருந்துச்சாம். அதுக்குள்ள மூணு வருஷம் தாண்டிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு சேதியும் இல்ல.

சாஸ்திரி பெரிய மனுஷன்தான், நான் இல்லங்கல. ஆனா எங்க வீட்டுல அந்த ஒப்பந்தத்துப் பேர யாரும் சந்தோஷமா சொன்னதில்ல.

டர்பன் வேலு:
சரோ அக்கா, படிச்சுட்டு ஒண்ணும் எழுதத் தோணாம இருந்தேன். உங்க குடும்பத்துக்கு நடந்தது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நடந்தது இல்ல. அப்படிப் போனவங்க நெலம எப்படி இருக்குன்னு பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931ல அறிக்கையே போட்டாங்க, ஊர்ல ஒட்ட முடியாம கல்கத்தா மட்டியாபுர்ஜ்ல குடிசையில கெடந்து திரும்பிப் போக கப்பல் கெடைக்குமான்னு காத்துக்கிட்டு இருந்த ஜனங்க பத்தி. மெட்ராஸ்ல திரும்பி வர்றவங்கள கவனிக்க தனி ஆபீசர் போட்டாங்க, போட்டும் பெருசா ஒண்ணும் நடக்கல. இத மறைச்சுட்டு சாஸ்திரியப் பத்திப் பேசக் கூடாது, மாமா சொன்னது நியாயம்.

ஆனா மாமா, ஒப்பந்தத்துல இன்னொரு பாதி இருக்கு. இந்த நாட்டுல நிரந்தரமா இருக்கப் போற இந்தியர்கள படிப்புலயும் மத்ததுலயும் மத்த ஜனங்களுக்குப் பின்னாடி விட்டுடக் கூடாது, அவங்கள மேல கொண்டு வர்றது அரசாங்கத்தோட கடமைன்னு யூனியன் அரசாங்கமே, அதாவது தென்னாப்பிரிக்க அரசாங்கமே, ஒத்துக்கிட்ட பகுதி. அது வரைக்கும் நம்மள என்னன்னு சொன்னாங்க? வந்தேறி, கரும்பு வெட்ட வந்தவன், திரும்பிப் போக வேண்டியவன். 1860லேர்ந்து 1911 வரைக்கும் ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேருக்கு மேல கப்பல்ல கொண்டாந்து எறக்கிட்டு, இவங்களுக்கு இங்க எடமே கெடையாதுன்னு சொன்ன நாடு இது. அந்த நாட்டு அரசாங்கத்த இதுல ஒரு பகுதி எங்க ஜனம்னு எழுதிக் குடுக்க வச்சது சின்ன விஷயமா எனக்குத் தெரியல.

எழுதிக் குடுத்தது வெறும் வார்த்தைதான், சட்டம் இல்ல. மீறுனா கேக்க கோர்ட்டு இல்ல. சாஸ்திரி செஞ்சது என்னன்னா அந்த வார்த்தைய எடுத்துக்கிட்டு ஒவ்வொரு கதவா தட்டுனாரு, நீங்க சொன்னதுதானே இது, எங்க செஞ்சு காட்டுங்கன்னு. நான் அவர அத வச்சுத்தான் பாக்குறேன். கையில ராணுவம் இல்ல, ஓட்டு இல்ல, சொந்த நாடே அடிமை, பேச்சு ஒண்ணுதான் இருந்துச்சு.

மாரிட்ஸ்பர்க் டீச்சர்:
இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டு இருந்தேன், படிப்பு விஷயம் வந்ததால நான் எழுதுறேன். நான் ரிட்டயர்ட் டீச்சர், எங்க அப்பாவும் டீச்சர்.

டர்பன் இருக்கிற நேட்டால் மாகாணத்துல அப்ப இந்தியப் பிள்ளைங்களுக்கு ஸ்கூலுங்கறது பெரும்பாலும் ஜனங்களே தகரக் கொட்டாயோ கல்லுக் கட்டடமோ போட்டு, கோயில் பக்கமோ மசூதி பக்கமோ, அப்புறம் மாகாண அரசாங்கத்துகிட்ட கெஞ்சி வாத்தியார் சம்பளத்துக்கு மானியம் வாங்கி நடத்துனது. ஸ்டேட் எய்டட் ஸ்கூல்னு சொல்லுவாங்க, எங்க காலத்துலயும் இருந்துச்சு. பெரும்பாலான பிள்ளைங்க எந்த ஸ்கூலுக்கும் போகல. இதுல கொடுமை என்னன்னா இந்தியப் பிள்ளைங்க தலைய எண்ணி யூனியன் அரசாங்கத்துகிட்ட மானியம் வாங்குன மாகாணம் அத முழுசா அவங்களுக்கு செலவு செய்யல. சாஸ்திரி வந்ததும் முதல்ல பிடிச்சது இதத்தான். மாகாணத்த ஒரு கல்வி விசாரணைக் கமிஷன் போட வச்சாரு, போட்டதோட விடாம இந்தியாவுலேர்ந்து ரெண்டு கல்வி நிபுணர்களை வரவழைச்சாரு, கிச்லு ஒருத்தர், மிஸ் கார்டன் ஒருத்தர். அவங்க கணக்கு வழக்கோட கமிஷன் முன்னாடி உக்காந்தாங்க. வெறும் கையோட போய் தயவு பண்ணுங்கன்னு கேக்கல பாருங்க, வாத்தியார் வேல பாத்தவருக்குத்தான் அந்தப் புத்தி வரும்.

அப்புறம்தான் காலேஜ். நேட்டால்ல நம்ம பிள்ளைங்களுக்கு முழு ஹைஸ்கூலும் வாத்தியார் பயிற்சியும் சேர்ந்த மாதிரி ஒண்ணு இல்ல. அரசாங்கம் கட்டித் தராதுன்னு தெரிஞ்சதும், நாங்க கட்டிக் குடுக்கிறோம், நீங்க நடத்துங்கன்னு பேரம் பேசுனாரு. வியாபாரிங்ககிட்ட, சின்னச் சின்ன ஊர்ல தோட்டக்காரங்ககிட்ட, எல்லார்கிட்டயும் அவரே போய் நின்னு வசூல் பண்ணாரு. குஜராத்தி முஸ்லிம் பெரிய வியாபாரியும் குடுத்தான், காய்கறி விக்கிற தமிழனும் குடுத்தான். 1929 அக்டோபர்ல கவர்னர் ஜெனரல் அத்லோன் பிரபு தொறந்து வச்சப்போ சாஸ்திரி இங்க இல்ல, ஜனவரியிலயே ஊருக்குப் போயிட்டாரு. ஆரம்பத்துல பாடம் நடத்த இந்தியாவுலேர்ந்தே பட்டதாரி வாத்தியாருங்க வந்தாங்க. அங்க படிச்சு வெளிய வந்தவங்கதான் அடுத்த முப்பது நாப்பது வருஷம் நேட்டால் பூரா இந்தியன் ஸ்கூல்ல வாத்தியாரு. எங்க அப்பாவுக்குப் பாடம் சொன்னது சாஸ்திரி காலேஜ், எனக்குப் பாடம் சொன்னவங்க எங்க அப்பாவோட கூட்டாளிங்க.

கும்பகோணம் காயத்ரி:
டீச்சரம்மா, இது எனக்குத் தெரியவே தெரியாது. நிதி மந்திரியா இருந்த பிரவின் கோர்தன் அங்கதானே படிச்சாரு?

மாரிட்ஸ்பர்க் டீச்சர்:
ஆமாம்மா, 1967ல மெட்ரிக் முடிச்சது அங்கதான். இனவெறிய எதுத்துப் போராடுன வக்கீல் ஐ.சி. மீர் கூட அந்தக் காலேஜ்தான். அரசியல்ல, கோர்ட்டுல, ஆஸ்பத்திரில எங்க பாத்தாலும் அந்தத் தலைமுறைல யாராவது ஒருத்தர் அங்கேர்ந்து வந்திருப்பாங்க.

லெனேசியா மாமா:
காலேஜ் நல்லது, நான் மறுக்கல. இன்னொண்ணு கேக்குறேன், வேலு தம்பி இதுக்கு பதில் சொல்லணும். அந்த வருஷங்கள்ல டர்பன்ல ஐ.சி.யூ.ங்கிற தொழிற்சங்கம் எவ்வளவு பெருசு தெரியுமா, கடாலி, சாம்பியன்னு தலைவருங்க, ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கத் தொழிலாளிங்க அதுல. நம்மளும் தொழிலாளி, அவங்களும் தொழிலாளி. சாஸ்திரி நம்மவங்ககிட்ட என்ன சொன்னாரு? அவங்களோட சேந்துக்காதீங்க, உங்க வழக்கு வேற, அவங்க வழக்கு வேறன்னாரு. ஒப்பந்தத்துல ஆப்பிரிக்கர்களுக்கான ஃபோர்ட் ஹேர் காலேஜ்ல இந்தியர்கள் படிக்க வசதி பண்றதப் பத்தி ஒரு வரி இருந்துச்சு, அதுவும் பெருசா எங்கயும் போகல. நமக்கு மட்டும் தனியா கதவு தொறக்கணும்கிற புத்தி. அத மாத்த 1947 வரைக்கும் ஆச்சு, இந்தியத் தலைவருங்க மான்டி நாயக்கர், தாது, ஆப்பிரிக்கத் தலைவர் சூமா மூணு டாக்டருங்களும் சேந்து போராட ஒப்பந்தம் போட்டப்போதான் நம்ம அரசியல் சரியான வழிக்கு வந்துச்சு.

டர்பன் வேலு:
மாமா, பதில் சொல்றேன். அவரு அப்படித்தான் சொன்னாரு, அது தப்பு, அந்தத் தப்புக்கு ஆப்பிரிக்கர்களும் இந்தியர்களும் மோதுன 1949 டர்பன் கலவரத்துல நம்ம ரெண்டு பக்கமும் ரத்தம் சிந்துனோம்னு கூட சொல்லலாம், அவரு ஒருத்தரால இல்ல, அந்தத் தலைமுறைத் தலைவருங்க எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. கிரேட் பிரிட்டன் ராஜாவோட நியாய புத்தியில அவருக்கு நம்பிக்கை இருந்துச்சு. 1923ல கென்யா விஷயத்துல மேட்டு நிலம் எல்லாம் வெள்ளைக்காரனுக்குன்னு லண்டன் எழுதுனப்போ அந்த நம்பிக்கை அவருக்கே ஒடஞ்சுது, ஒடஞ்சும் பேச்சுவார்த்தைய விடல. எனக்கு அதுல வருத்தம் இருக்கு.

மாரிட்ஸ்பர்க் டீச்சர்:
மாமாவுக்கு ஒண்ணு சொல்லணும். 1936லேர்ந்து நேட்டால் யூனிவர்சிட்டி காலேஜ் வெள்ளைக்காரங்க இல்லாதவங்களுக்குன்னு தனி வகுப்பு நடத்துச்சு, மேபல் பாமர்னு ஒரு அம்மா ரொம்பப் பாடுபட்டாங்க. அந்த வகுப்பு நடந்த எடம் சாஸ்திரி காலேஜ். பகல்ல பிள்ளைங்க படிச்ச அதே பெஞ்சுல சாயங்காலமும் சனிக்கிழமையும் பெரியவங்க. எங்க அப்பா வாரம் பூரா ஸ்கூல்ல பாடம் நடத்திட்டு டிரெயின் புடிச்சு டர்பன் போய் அங்க பி.ஏ. படிச்சாரு. அவரு பக்கத்துல உக்காந்து படிச்சது ஆப்பிரிக்க வாத்தியாருங்க. ஒரே டெக்ஸ்ட் புத்தகத்த ரெண்டு மூணு பேரு மாத்தி மாத்தி வச்சுப் படிப்பாங்க, இன்னைக்கு உன்கிட்ட, அடுத்த சனிக்கிழமை அவன்கிட்டன்னு. அதுல ஒருத்தர் எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வருவாரு, கடைசி வரைக்கும் சிநேகிதம். சாஸ்திரி சேந்துக்காதீங்கன்னு சொல்லியிருக்கலாம். அவரு காசு தேடி நிப்பாட்டுன கட்டடத்துக்குள்ள ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் படிச்சாங்க.

டோங்காட் சரோ:
டீச்சர், இது ரொம்ப நல்ல சேதி.

லெனேசியா மாமா:
நல்ல சேதிதான் டீச்சர், சந்தோஷம். என் கேள்வி அப்படியே இருக்கு, ஆனா சந்தோஷம்.

எங்க டிரான்ஸ்வால்ல நடந்தத நானும் சொல்லிடுறேன், அவரு தைரியத்தப் பத்தி யாரும் சந்தேகப்படக் கூடாது. 1928ல கிளார்க்ஸ்டார்ப்புல ஒரு கூட்டத்துல பேசப் போனாரு. அந்த ஊரு துணை மேயரே ஒரு கும்பலக் கூட்டிக்கிட்டு வந்து கூட்டத்தக் கலைச்சான். உள்ள வாயு குண்டு போட்டாங்க, மூச்சு முட்டுற புகை. ஒரு நாட்டோட பிரதிநிதி மேடையில இருக்கறப்போ! அதுக்கப்புறமும் மனுஷன் பயந்து ரூமுக்குள்ள உக்காரல, வெள்ளைக்காரங்க கூட்டத்துலயே போய்ப் போய்ப் பேசுனாரு. இன்னொண்ணும் எங்க பக்கத்துக்குச் செஞ்சாரு, பர்மிட் சரியில்லாம டிரான்ஸ்வாலுக்குள்ள வந்தவங்க தானா வந்து சொன்னா மன்னிச்சு பேப்பர் குடுக்கிற ஏற்பாடு. அதுலயும் எங்க ஆளுங்க சண்ட போட்டாங்க, ஏன்னா தானா வந்து சொல்றதுன்னா போலீஸ்ல பேரு குடுக்கிற மாதிரிதானேன்னு பயம். ஆனா அதனால நிம்மதியா தூங்குன குடும்பமும் எங்க பக்கம் இருக்கு.

கும்பகோணம் காயத்ரி:
இங்கேர்ந்து போனப்புறம் அவரு என்ன செஞ்சாருன்னு யாராவது சொல்லுங்களேன்.

டர்பன் வேலு:
நெறைய இருக்கு தங்கச்சி, சுருக்கமா சொல்றேன். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனாரு, 1931ல காந்தி இர்வின் ஒப்பந்தம் வர்றதுக்கு சப்ரு, ஜெயக்கரோட சேந்து நடுவுல நின்னு பேசுனாரு. 1932ல ரெண்டாவது கேப் டவுன் மாநாட்டுக்கு மறுபடியும் இங்க வந்தாரு, சரோஜினி நாயுடுவும் அந்தக் குழுவுல. அந்த மாநாட்டுலேர்ந்து வந்த யோசனைதான் நம்மள வேற எங்கயாவது நாட்டுல குடியேத்தலாமான்னு பாக்குறது. அத ஆராயக் கூட இங்க இருந்த நம்ம காங்கிரஸ் ஒத்துழைச்சதுன்னு கோவப்பட்டு இங்கயே பொறந்தவங்க 1933ல தனி சங்கம் ஆரம்பிச்சாங்க, ஆல்பர்ட் கிறிஸ்டோபர் தலைமையில. நாங்க பொறந்த மண்ணு இது, எங்க போகச் சொல்றன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி சரியான கேள்வி.

1935லேர்ந்து 1940 வரைக்கும் அண்ணாமலை யூனிவர்சிட்டி துணைவேந்தர். நடுவுல மலாயா போய் தோட்டத் தொழிலாளர் நெலமையப் பாத்து 1937ல அறிக்கை குடுத்தாரு, அங்க உள்ளவங்களுக்கு அந்த அறிக்கை புடிக்கல, முதலாளி பக்கம் சாஞ்சிடுச்சுன்னு திட்டுனாங்க. தமிழ்ல அறிவியல் சொல்லு ஆக்குற கமிட்டிக்குத் தலைவரா இருந்தப்போ சமஸ்கிருதத்துக்கு எடம் குடுக்கிறாருன்னு தமிழறிஞருங்களும் எதுத்தாங்க. அதுல நான் தமிழறிஞருங்க பக்கம். 1946 ஏப்ரல் 17ல காலமானாரு. அந்த வருஷம் ஜனவரில காந்தி மெட்ராஸ் வந்தப்போ ஆஸ்பத்திரிக்கே போய் அவரப் பாத்துட்டு வந்தாரு.

அவரு போய் ரெண்டு மாசத்துல, ஜூன் 13ல, டர்பன் கேல் ஸ்ட்ரீட்ல நம்ம ஜனங்க, இந்தியர்களத் தனி ஏரியாவுல அடைக்கிற கெட்டோ சட்டத்த எதுத்து சத்தியாகிரகம் ஆரம்பிச்சாங்க. இந்தியா ஐ.நா.வுக்குப் போச்சு, இங்க இருந்த ஹை கமிஷனரத் திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு, வியாபாரத்தையும் நிறுத்திடுச்சு. சாஸ்திரி ஆரம்பிச்சு வச்ச ஆபீஸ் அதோட மூடுன மாதிரிதான். முழு உறவு திரும்பி வந்தது 1993ல.

லெனேசியா மாமா:
மாலன் பேர மறந்துடாதீங்க. 1927ல உள்நாட்டு மந்திரியா அந்த ஒப்பந்தத்துல நின்னவன், 1948ல பிரதமர் ஆனான், 1950ல இனத்துக்கு ஒரு ஏரியான்னு பிரிக்கிற குரூப் ஏரியாஸ் ஆக்ட் கொண்டாந்தான். 1925 மசோதாவ வாபஸ் வாங்குனான்னு சந்தோஷப்பட்டமே, 25 வருஷம் கழிச்சு அதவிட மோசமா போட்டான். கேட்டோ மேனர்லேர்ந்தும் பேஜ்வியூலேர்ந்தும் நம்மளக் கெளப்பி சாட்ஸ்வொர்த்துக்கும் லெனேசியாவுக்கும் தள்ளுனது அந்தச் சட்டம். இந்தியர்கள் இந்த நாட்டு நிரந்தர ஜனம்னு அவங்க அரசாங்கம் வாயால ஒத்துக்கிட்டது 1961ல. 1927ல எழுதிக் குடுத்தத நெறைய காலம் யாரும் மதிக்கல.

டர்பன் வேலு:
மாமா, மதிக்கல, உண்மை. ஆனா 1929லேர்ந்து அந்தக் காலம் பூராவும் நம்மாளுங்க அந்தக் காலேஜ்ல படிச்சுட்டு இருந்தாங்க. மான்டி நாயக்கர் கூட நின்னவங்கள்ல, ஜெயிலுக்குப் போனவங்கள்ல எத்தன பேரு அங்க படிச்சவங்க. மாலன் சட்டத்த எழுத்துலயும் கோர்ட்டுலயும் எதுக்க ஆளு வேணும்ல, அந்த ஆளுங்கள உண்டாக்குனதுல அந்தக் கட்டடத்துக்குப் பங்கு இருக்கு. சரோ அக்கா வீட்டுக்கு நடந்ததுக்கு இது ஈடு இல்ல, அப்படிச் சொல்ல நான் யாரு. ரெண்டையும் ஒரே மனுஷன் செஞ்சாரு, ரெண்டையும் பிள்ளைங்களுக்குச் சொல்லணும்னுதான் நான் கேக்குறேன். ஹெரிடேஜ் மாசத்துல ஸ்கூல்ல பிள்ளைங்க காந்தி படத்த வரையறப்போ இவரு படத்தையும் ஒரு தரம் வரையட்டும், கூடவே அந்த 20 பவுண்டு கதையும் தெரிஞ்சுக்கட்டும்.

டோங்காட் சரோ:
வேலு தம்பி, பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. எனக்கு வேற ஒண்ணு வேணும். ஆயாவோட அண்ணன் குடும்பம் போன ஊர எப்படிக் கண்டுபுடிக்கிறது? வடாற்காடுன்னு மட்டும்தான் தெரியும், கிராமத்துப் பேரு யாருக்கும் ஞாபகம் இல்ல. அவங்க பேரப்பிள்ளைங்க யாராவது இருந்தா பாக்கணும்.

மாரிட்ஸ்பர்க் டீச்சர்:
சரோ, உங்க ஆயாவோட அப்பா, இல்ல தாத்தா, யாரு கப்பல்ல வந்தாங்களோ அவங்க கலோனியல் நம்பர் (கூலி வேலைக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் போட்ட பதிவு எண்) வீட்டுல எங்கயாவது இருக்கான்னு பாருங்க. பழைய டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், கல்யாணப் பதிவு, பொறப்புப் பதிவு எதுலயாவது எழுதியிருப்பாங்க. அந்த நம்பர் இருந்தா கப்பல் பட்டியல்ல தேடலாம், அதுல அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கும். பாதிப் பேரு அந்தக் கிராமத்துக்குத்தான் திரும்பிப் போயிருப்பாங்க, வேற எங்க போறது. வெஸ்ட்வில் யூனிவர்சிட்டில காந்தி லுத்துலி டாக்குமென்டேஷன் சென்டர் இருக்கு, முதல்ல அங்க கேளுங்க, டர்பன் ஆர்கைவ்ஸ்லயும் பாக்கலாம். நம்பர் இல்லன்னாலும் பேரும் தோட்டத்து முதலாளி பேரும் வச்சு தேட முடியும், நேரம் ஆகும், அவ்வளவுதான். எழுத்துக்கூட்டி எழுதுனது ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும், முனுசாமிய நாலு விதமா எழுதியிருப்பான், எல்லாத்தையும் பாருங்க.

கும்பகோணம் காயத்ரி:
சரோ அக்கா, கிராமத்துப் பேரு கெடச்சா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. எங்க மாமா வேலூர்ல தாலுகா ஆபீஸ்ல இருந்தவரு, டிசம்பர்ல நான் ஊருக்குப் போறேன், நேர்லயே போய் விசாரிச்சுட்டு வர்றேன்.

டோங்காட் சரோ:
தங்கச்சி, நீ நல்லா இருக்கணும். ஆயாவோட அண்ணன் பேரு வீட்டுல கேட்டு எழுதுறேன், அம்மாவோட பெட்டில ஏதோ மஞ்சப் பேப்பர் இருக்கு, நம்பர் அதுல இருக்கான்னு ஞாயித்துக்கிழமை எடுத்துப் பாக்குறேன்.